வாயை மூடிக்கொள்ள 85 டாலர்: ஒரு அம்பயர் பயிற்சி வகுப்பு

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஆடத் தெரியாதவனைத்தான் அம்பயராக நிறுத்துவார்கள். நான் எட்டு வருடம் நின்றேன். கண்மாய்க் கரைப் பொட்டலில் டென்னிஸ் பந்துப் போட்டி, மூன்று கருவேலங்குச்சி, ஒரு செங்கல். அந்த அனுபவத்தை நம்பித்தான், நியூ ஜெர்சியில் என் மகன் ஆடும் லிட்டில் லீக்கில் (சிறுவர் பேஸ்பால்) "அம்பயருக்கு ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது" என்று கேட்டபோது கையைத் தூக்கினேன். கிரிக்கெட்டில் நின்றவனுக்கு பேஸ்பால் என்ன பெரிய வித்தையா என்று நினைப்பு.

வித்தைதான். போன வருடம் மே மாதம் 11 வயதுப் பையன்கள் ஆட்டம் ஒன்று. பேஸ்பாலில் பந்தை அடித்தவன் ஹோம் பிளேட்டில் கிளம்பி, சதுரத்தின் மற்ற மூன்று மூலையிலும் கிடக்கும் 'பேஸ்' என்ற மெத்தைகளை வரிசையாக மிதித்துத் திரும்ப ஹோமுக்கு வந்தால்தான் ஒரு ஓட்டம். அன்று பேட்டர் வலது மூலைக்கு ஓங்கி அடித்துவிட்டு மூன்றாவது பேஸ் வரை ஓடினான். முதல் பேஸில் திரும்பும்போது அவன் கால் பேஸுக்கு ஒரு சாண் உள்பக்கம் விழுந்தது. நான் பத்தடி தூரத்தில் நிற்கிறேன், தெளிவாகப் பார்த்தேன். அவன் மூன்றாவது பேஸில் எழுந்து நின்று கால்சட்டை மண்ணைத் தட்டி முடிப்பதற்குள் முஷ்டியை உயர்த்தி "அவுட்!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பையனின் கோச் நிதானமாக நடந்து வந்தார்.

"யார் அப்பீல் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை. நானே பார்த்தேன்."

"நீங்கள் பார்த்ததை யார் கேட்டது?"

விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டு கோச்சும் லீக் பொறுப்பாளரும் கூடி, பையனைத் திரும்ப மூன்றாவது பேஸில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்க்க வந்திருந்த பெற்றோர் நாற்பது பேர். வீட்டுக்காரி அன்று தேங்காய்ச் சட்னியை என் பக்கம் தள்ளும்போதுகூட முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

அந்தக் கடுப்பில் சேர்ந்ததுதான் இந்த வகுப்பு. எங்கள் கவுண்டியில் இருக்கும் அம்பயர் சங்கம் ஒன்று மார்ச் மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாள் நடத்தியது. கட்டணம் 85 டாலர். சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், சொல்லிக்கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள். இந்த ஊர்ப் பக்கம் பிள்ளைகளை லிட்டில் லீக்கில் சேர்த்துவிட்டு, என்னைப் போல் கையைத் தூக்கி மாட்டிக்கொள்ளும் நம் ஆட்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். இடம் ஒரு ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம். நாற்காலிகள் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. முழங்கால் தாடையில் இடிக்க நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். சனிக்கிழமை நான் கறி தொடமாட்டேன். மதியம் வந்த பீட்சாவில் முக்கால்வாசி இறைச்சி, வெறும் சீஸ் போட்ட இரண்டு டப்பா ஐந்து நிமிடத்தில் காலி. காப்பி என்று ஒன்று இருந்தது, வெந்நீருக்குக் கறுப்புச் சாயம் போட்ட மாதிரி. பதிவுக் கட்டணத்தில் சேர்த்தே 'பால்' (எல்லைக்கு வெளியே போன பந்து), 'ஸ்டிரைக்' (எல்லைக்குள் வந்த, அல்லது பேட்டர் வீசித் தவறவிட்ட பந்து), அவுட் எண்ணும் கைக்கடக்கமான கிளிக்கர் ஒன்று கொடுத்தார்கள். என்னுடையதில் ஸ்டிரைக் சக்கரம் மூன்றாம் வாரமே சிக்கிக்கொண்டது. ஹோம் பிளேட் துடைக்கும் பிரஷ் மட்டும் உருப்படி, இன்னும் உழைக்கிறது.

சனிக்கிழமை காலை முழுக்க பிளேட்டுக்குப் பின்னால் எப்படிக் குனிவது, ஸ்டிரைக் எல்லை எங்கே, முகமூடியை எந்தக் கையால் கழற்றுவது என்று போனது. சுமார். இதெல்லாம் காணொளியிலேயே கற்றுக்கொள்ளலாம். 85 டாலருக்கு வேலை செய்தது மதியத்துக்கு மேல்தான், அதாவது பேஸ் மிதிக்காமல் போனவனை என்ன செய்வது என்ற பாடம்.

பயிற்சியாளர் முப்பது வருடம் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் நின்றவர், அறுபதைத் தாண்டிய ஆள், வலது முழங்காலில் பட்டி. என் மே மாதக் கதையை வகுப்பில் சொன்னேன். சிரிக்கவில்லை. "நீ பார்த்தது சரி. அதை உன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள். யாராவது சரியாகக் கேட்டால் எடுத்துக் கொடு. கேட்காவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போ" என்றார்.

நம் ஆட்களுக்கு இது மண்டையில் ஏறச் சிரமம், ஏனென்றால் கிரிக்கெட் நம்மை வேறு மாதிரிப் பழக்கியிருக்கிறது. கிரிக்கெட்டில் அவுட் கொடுக்க யாராவது கேட்க வேண்டும். சட்டம் 31 அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஓட்டத்தில் மட்டை கோட்டுக்குள் படாமல் திரும்பிவிட்டால் யாரும் கேட்க வேண்டியதில்லை, அம்பயரே தோளைத் தொட்டு ஒரு ஓட்டத்தைக் கழித்துவிடுவார். 2020 செப்டம்பரில் துபாயில் நடந்த டெல்லி–பஞ்சாப் ஐபிஎல் ஆட்டம் ஞாபகமிருக்கும். கேட்காமலே கழித்த ஒரு ஓட்டம், டிவியில் பார்த்தால் மட்டை உள்ளேதான் இருந்தது, ஆட்டம் சமனில் முடிந்து சூப்பர் ஓவரில் பஞ்சாப் தோற்றது. பேஸ்பாலில் அப்படியே தலைகீழ். பந்தைப் பிடித்துத் தொட்டால் அவுட்டா சேஃபா என்று யாரும் கேட்காமலே அம்பயர் சொல்ல வேண்டும். ஆனால் ஓடியவன் ஒரு பேஸை மிதிக்காமல் தாண்டிப் போனால், அல்லது உயரப் போன பந்தை ஃபீல்டர் பிடிப்பதற்கு முன்பே பேஸை விட்டுக் கிளம்பினால், எதிரணி கண்டுபிடித்துக் கேட்கும்வரை அம்பயர் ஊமை. ஓட்டம் கழிக்கப்படாமல் நின்றுவிடுகிறதே, அநியாயமில்லையா என்று வகுப்பில் ஒரு அம்மாள் கேட்டார். "ஃபீல்டிங் அணியில் ஒன்பது பேர் நிற்கிறார்கள், பதினெட்டுக் கண்" என்றார் பயிற்சியாளர். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

விதி, தொழில்முறை ஆட்டத்தின் புத்தகத்தில் 5.09 'சி' பிரிவில் இருக்கிறது. 2015-இல் புத்தகத்தை அடுக்கி மாற்றுவதற்கு முன்பு இதுவே 7.10. லிட்டில் லீக் புத்தகம் இன்னும் 7.10 என்ற பழைய எண்ணில்தான் ஓடுகிறது. அச்சடித்துக் கொடுத்த தாளில் இரண்டு எண்ணும் கலந்து கிடந்ததால் பாதிப் பேர் வேறு வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

கேட்கும் முறையை மேசை மேல் காகிதக் கோப்பைகளை வைத்து நடத்திக் காட்டினார். ஓட்டம் முடிந்து யாராவது ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி 'டைம்' வாங்கிப் பந்து நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கேட்டால் செல்லாது, முதலில் பந்துக்கு உயிர் வர வேண்டும். பிட்சர், அதாவது பந்து எறிகிறவன், பந்தோடு மேட்டில் ஏறி, அங்கே பதித்திருக்கும் ரப்பர் பட்டையில் கால் வைக்க வேண்டும். பிளேட் அம்பயர் அவனை விரல் நீட்டிக் காட்டி "ப்ளே!" என்பார். அப்புறம் பிட்சர் பட்டையிலிருந்து பின்பக்கமாகக் காலை எடுத்துவிட்டு, எந்த பேஸோ அங்கே எறிய வேண்டும். வாங்கியவன் பேஸை மிதித்துக்கொண்டு "இன்னார் இதைத் தொடவில்லை" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அம்பயர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், முஷ்டி அல்லது விரித்த இரு கை.

பிட்சர் பட்டையிலிருந்து முறையாக இறங்காமல் எறிந்து 'பாக்' (பிட்சரின் விதிமீறிய அசைவு) ஆகிவிட்டால், அந்தத் தவறே ஒரு 'ப்ளே' என்று கணக்காகி அப்பீல் கதவு மூடிவிடும். எறிந்த பந்து பார்வையாளர் பக்கம் போய் ஆட்டத்துக்கு வெளியே விழுந்தால் அதே ஆள் மேல் அதே பேஸில் இரண்டாம் தடவை கேட்க முடியாது. அடுத்த பந்து பேட்டருக்குப் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. கிரிக்கெட்டிலும் பந்துவீச்சாளர் அடுத்த பந்துக்கு ஓட ஆரம்பித்துவிட்டால் கேட்க முடியாது, இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு ஆட்டமும் சொந்தக்காரர்கள். இன்னிங்ஸின் கடைசி ஓட்டத்தில் நடந்த தப்பு என்றால், பிட்சரும் உள்வட்ட ஆட்களும் மைதானத்தைவிட்டு டக்அவுட்டுக்கு (அணி உட்காரும் இடம்) கிளம்புவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

பந்து உயிரோடு இருக்கும்போதே கேட்பதென்றால் இவ்வளவு சடங்கு கிடையாது. கையில் பந்தோடு பேஸை மிதித்துக் கேட்டால் போதும். ஆனால் கேட்பது கேட்பதாகத் தெரிய வேண்டும். இரண்டாவது பேஸ்காரன் பந்தை வாங்கிக்கொண்டு, களைப்பில் பேஸ் மேல் ஒரு காலை வைத்து நின்றான் என்பதற்காக அது அப்பீல் ஆகாது. இதை விளக்கும்போது பயிற்சியாளர் கோப்பையை பேஸ் மேல் சாய்த்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் காத்திருந்தார். முன்வரிசைப் பையன் ஒருவன் "அவுட்" என்றான். "அவன் இளைப்பாறுகிறான் தம்பி" என்கிற மாதிரி ஒரு பார்வை.

அம்பயர் பார்க்கவே இல்லை என்றால்? பக்கத்து அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவரும் பார்க்கவில்லை என்றால் சேஃப். தொடாததைப் பார்த்திருந்தால்தான் அவுட். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது. முப்பது வருடத்தில் பொய்யாக "பார்த்தேன்" என்று கை தூக்கிய ஆட்களை நிறையப் பார்த்திருப்பார் போல.

ஹோம் பிளேட்டில் இன்னொரு விசேஷம். ஓடி வந்தவன் பிளேட்டைத் தொடாமல் சறுக்கிப் போகிறான், பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சரும் அவனைப் பந்தோடு தொடத் தவறிவிட்டான் என்றால் அம்பயர் சேஃபும் காட்டக் கூடாது, அவுட்டும் காட்டக் கூடாது. சும்மா நிற்க வேண்டும். முதல் பேஸிலோ வேறு கதை. பந்து வருவதற்கு முன்பே மிதிக்காமல் தாண்டிவிட்டவனுக்குச் சேஃப் என்று காட்டிவிட்டு, அப்பீல் வந்தால் பிறகு மாற்ற வேண்டும். ஏன் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கேட்டேன். அம்பயர் சும்மா நிற்பதே கேட்சருக்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? "கெட்டிக்காரன் படித்துக்கொள்வான்" என்று சொல்லி அடுத்த தாளைத் திருப்பிவிட்டார். இது பதிலா? இல்லை. இன்னும் ஐந்து நிமிடம் செலவழித்திருக்கலாம்.

அவர் நேரத்தை எங்கே செலவழித்தார் என்றால் கதையில். குறையாகச் சொல்லவில்லை, கதை பிரமாதம். 1983 ஜூலை 24, நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கீ ஸ்டேடியம். கான்சஸ் சிட்டியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலியைத் தாண்டும் அடி) அடித்து அணியை 5–4 என்று முன்னால் கொண்டுவருகிறார். மட்டையில் கைப்பிடியிலிருந்து 18 அங்குலத்துக்கு மேலும் பைன் தார் பிசின் பூசியிருக்கிறது என்று யாங்கீஸ் மேலாளர் பில்லி மார்ட்டின் புகார் சொல்ல, பிரெட் அவுட், ஆட்டம் முடிந்தது என்று தீர்ப்பு. பிரெட் டக்அவுட்டிலிருந்து பாய்ந்து வந்த காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லீக் தலைவர் லீ மெக்ஃபெயில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விட்ட இடத்திலிருந்து ஆடச் சொன்னார். பலருக்கு இவ்வளவுதான் தெரியும். அப்பீல் கதை இதற்குப் பிறகு வருகிறது.

ஆகஸ்ட் 18 அன்று ஆட்டம் தொடர்கிறது. அம்பயர்கள் புது ஆட்கள், ஜூலையில் நின்றவர்கள் ஒருவரும் இல்லை. முதல் பந்து போடுவதற்கு முன்பே யாங்கீஸ் பிட்சர் முதல் பேஸுக்கு எறிகிறார், பிரெட் இதைத் தொடவில்லை என்று அப்பீல். சேஃப். அடுத்து இரண்டாவது பேஸுக்கு. சேஃப். மார்ட்டின் வெளியே வருகிறார். அன்றைக்கு இங்கே இல்லாத நீங்கள் எப்படித் தொட்டான் என்று சொல்கிறீர்கள் என்பது அவர் வாதம். சட்டப்படி பார்த்தால் அருமையான வாதம், பார்க்காதவன் என்ன சொல்ல முடியும்? தலைமை அம்பயர் டேவ் ஃபிலிப்ஸ் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜூலையில் நின்ற அம்பயர்கள், பிரெட்டும் அவருக்கு முன்னால் ஓடியவரும் எல்லா பேஸையும் தொட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட, நோட்டரி முத்திரை குத்திய பிரமாணப் பத்திரம். நம் ஊர் சார்பதிவாளர் அலுவலக வாசலில் இருபது ரூபாய் முத்திரைத்தாளோடு நிற்கும் ஆட்களை நினைத்துக்கொண்டேன். வகுப்பில் நான் மட்டும்தான் சத்தமாகச் சிரித்தேன். மார்ட்டின் இப்படி வருவார் என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அடுத்தது மார்வ் த்ரோன்பெரி. 1962 ஜூன் 17, நியூயார்க் மெட்ஸ் அணியின் முதல் வருடம், சிகாகோ கப்ஸோடு ஆட்டம். மனிதர் மூன்றாவது பேஸ் வரை அடித்து ஓடி மூச்சு வாங்குகிறார். முதல் பேஸைத் தொடவில்லை என்று கப்ஸ் கேட்க, அவுட். மேலாளர் கேஸி ஸ்டெங்கல் சண்டைக்குக் கிளம்புகிறார். போக வேண்டாம், அவன் இரண்டாவதையும்தான் தொடவில்லை என்று அவரைத் தடுத்துவிட்டார்களாம். தடுத்தது சொந்தக் கோச்சா அம்பயரா என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறுகிறது. அடுத்து வந்த சார்லி நீல் ஹோம் ரன் அடித்தபோது, ஸ்டெங்கல் வெளியே வந்து ஒவ்வொரு பேஸாகக் கை நீட்டிக் காட்டினார் என்றும் சொல்வார்கள்.

மூன்றாவது கதையில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. 1908 செப்டம்பர் 23, நியூயார்க் ஜயன்ட்ஸின் 19 வயது ஃபிரெட் மெர்க்கிள். கடைசி இன்னிங்ஸில் வெற்றி ஓட்டம் வந்ததும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்க, முதல் பேஸிலிருந்து ஓடிய மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் ஒரு பந்தைத் தேடி வாங்கி பேஸை மிதிக்க, அம்பயர் ஹேங்க் ஓடே அவுட் கொடுத்தார். ஆட்டம் சமன் என்றானது, பிறகு அக்டோபர் 8-இல் திரும்ப ஆடி கப்ஸ் ஜெயித்தார்கள். இதை 'மிகப் பிரபலமான அப்பீல்' என்று தாளிலேயே அச்சடித்திருந்தார்கள். அது அப்பீலே இல்லை. மெர்க்கிள் தாண்டிப் போய் விட்டுவிட்ட பேஸ் அல்ல அது, போய்ச் சேராத பேஸ். பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் இவர் அடுத்ததற்குப் போயே ஆக வேண்டும், போகாததால் சாதாரண ஃபோர்ஸ் அவுட். வீட்டுக்கு வந்து புத்தகத்தை மூன்று முறை படித்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. ஒன்று மிதிக்காமல் தாண்டுவது, இன்னொன்று எட்டாமலே நிற்பது. புதிதாகக் கற்க வருகிறவனுக்கு இந்த இரண்டையும் குழப்பிக் கொடுப்பது பெரிய தப்பு.

தாளில் அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் பந்து நின்ற நிலையிலேயே கோச் வாயால் கேட்டால் போதும், எறிய வேண்டியதில்லை. லிட்டில் லீக்கில் அது செல்லாது, ஆடுகிற பையன்தான் உயிருள்ள பந்தோடு கேட்க வேண்டும். தாளின் 14-ஆம் பக்கம் இரண்டையும் ஒரே பத்தியில், எது எந்த ஆட்டத்துக்கு என்று சொல்லாமல் போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவகாசிக்காரத் தம்பி "அண்ணாச்சி, அப்ப கோச் கேட்டா குடுக்கணுமா, குடுக்கக் கூடாதா?" என்று என்னிடம் கேட்கிறான். நான் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் சரியாகச் சொன்னார். ஆனால் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறவனுக்கு யார் சொல்வது? தாளைத் திருத்தச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். 'கருத்துக்கு நன்றி' என்று வந்தது.

'நாலாவது அவுட்' என்று ஒரு பாடம், கூடத்தைக் காலி செய்யும் நேரமாகிவிட்டதால் நான்கு நிமிடத்தில் முடித்தார்கள். இரண்டு அவுட் ஆகியிருக்கிறது, மூன்றாவது பேஸில் ஒருவன். பேட்டர் அடிக்க, அவன் பிளேட்டைத் தொடாமல் தாண்டிவிடுகிறான். அதன் பிறகு பேட்டர் இரண்டாவது பேஸில் அவுட், மூன்று ஆகி இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. ஓட்டம் முன்பே வந்ததால் கணக்கில் ஏறும். ஆனாலும் எதிரணி பிளேட்டில் அப்பீல் கேட்டு நாலாவதாக ஒரு அவுட் வாங்கி, அதையே மூன்றாவதாக வைத்துக்கொண்டு ஓட்டத்தை அழித்துவிடலாம். கேட்டபோது தலை சுற்றியது. வீட்டில் புளியங்கொட்டை வைத்து மகனோடு ஆடிப் பார்த்துத்தான் புரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு வருகிறேன். இதற்காக மட்டுமே திரும்பவும் 85 டாலர் கொடுப்பேன்.

மைதானத்தில் பனி உருகிச் சேறு. பயிற்சியாளர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து முதல் பேஸ் மெத்தையை வெள்ளை வெளேரென்று கழுவினார். உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் மூன்று பேரை ஓட நிறுத்தி, ஒவ்வொருவன் காதிலும் ஏதோ சொன்னார். தொடு, அல்லது தொடாதே. எங்களுக்குத் தெரியாது. என்னை முதல் பேஸ் கோட்டுக்கு அருகே நிறுத்தினார். அடி விழுந்ததும் ஓரடி நின்று பந்தைப் பார்த்து, உள்ளே ஓடி, சதுரத்துக்குள் நின்று உடம்பைத் திருப்பி, ஓடுகிறவன் மெத்தையின் உள்மூலையை மிதிக்கிறானா என்று பார்க்க வேண்டும். பேஸ்களில் ஆள் இல்லாதபோது முதல், இரண்டு, மூன்று எல்லாம் மைதான அம்பயர் பொறுப்பு, ஹோம் மட்டும் பிளேட் அம்பயருக்கு. இரண்டாவது பேஸில் ஒருவன் நின்றால் மூன்றாவதையும் பிளேட் அம்பயரே பார்த்துக்கொள்வார்.

ஒன்பது ஓட்டம். ஒவ்வொன்றும் முடிந்ததும் "தொட்டானா?" என்று கேட்பார். பதில் சொன்ன பிறகு மெத்தையிடம் கூட்டிப்போவார். சேற்றுக் கால் பட்டிருந்தால் மெத்தையில் ஆணிக்கால் தடம், பழுப்பாக மூன்று நான்கு கோடு. படாவிட்டால் வெள்ளை. மறுபடி கழுவுவார். வாதமே கிடையாது, மெத்தை சொல்லிவிடும்.

ஒன்பதில் நான்கு கோட்டைவிட்டேன். இரண்டு தடவை பந்து வேலிப் பக்கம் உருளும் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு தடவை பையன் முகத்தைப் பார்த்தேன், திருட்டு முழி முழிக்கிறானா என்று. அது கிரிக்கெட் புத்தி. நான்காவதில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், கால் மெத்தைக்கு மேலே அரை அங்குலம் பறந்து போனது, என் மூளை அதைத் தொட்டதாக எழுதிக்கொண்டது. பயிற்சியாளர் என் தோளைப் பிடித்துத் திருப்பி, "பந்து எங்கேயும் போய்விடாது, அதை எட்டுப் பேர் துரத்துகிறார்கள். கால் ஒரே ஒரு தடவைதான் விழும்" என்றார். அப்புறம் சிவகாசித் தம்பி வந்தான், ஒன்பதில் எட்டு. பயலுக்குக் கண் அப்படி.

இந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்கி, சனிக்கிழமைக் காலையைப் பாதியாக்கினால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். இப்போதைக்கு மூன்றரை. அரை மதிப்பெண் அந்த வாளித் தண்ணீருக்கு.

கற்றது நின்றதா என்பது ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. என் மகன் ஆடாத ஆட்டம். பிளேட்டுக்குப் பின்னால் 16 வயதுப் பையன் ஒருவன், மைதானத்தில் நான். பேட்டர் இடது நடுவுக்கு அடித்தான், உள்ளே ஓடித் திரும்பினேன், முதல் பேஸ் நல்ல மிதி. இரண்டாவதில் வேகத்தில் அகலமாக வளைந்து வந்தவன் மெத்தையைத் தொடவே இல்லை. மூன்றாவதில் நின்றான். பையில் போட்டுக்கொண்டேன். வாய் துடித்தது, உண்மையைச் சொல்கிறேன்.

எதிரணிப் பெற்றோர் பக்கம் ஏதோ முணுமுணுப்பு. அவர்கள் கோச் 'டைம்' வாங்கி, பிட்சரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். பிட்சர் மேட்டில் ஏறினான், பிளேட்டுப் பையன் "ப்ளே!" என்றான், பிட்சர் அழகாகக் காலை எடுத்து எறிந்தான், முதல் பேஸுக்கு. வாங்கியவன் பேஸை மிதித்துவிட்டு என்னையே பார்க்கிறான். "என்ன கேட்கிறாய்?" என்றேன். "அவன்... இதை மிதிக்கலை." இரண்டு கையையும் விரித்தேன். சேஃப்.

கோச் டக்அவுட் வாசலுக்கு வந்துவிட்டார். "அப்படியென்றால் எந்த பேஸ்?" நான் மேகத்தைப் பார்த்தேன். மழை வருகிற மாதிரிதான் இருந்தது.

அப்போது கேட்சர், மொத்தமே நாலடி உயரம் இருப்பான், முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டு "செகண்ட்! செகண்ட்!" என்று கத்தினான். அணியில் அவன் ஒருவன்தான் பார்த்திருக்கிறான். பந்து அதற்குள் பிட்சர் கைக்குத் திரும்பியிருந்தது, அவன் திரும்பி எறிந்தான். இரண்டாவது பேஸில் ஆளே இல்லை, அங்கே வந்து நிற்க வேண்டிய இரண்டு பேரும் கோச் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து நடு மைதானத்துக்கு உருண்டது. மூன்றாவதில் நின்றவன் நிதானமாக ஓடி வந்து ஹோமைத் தொட்டான். இரண்டு காலாலும், குதித்து.

அப்போதும் வழி அடைபடவில்லை. பந்து ஆட்டத்துக்கு வெளியே போகவில்லை, அவன் ஹோமுக்கு வந்துவிட்டாலும் இரண்டாவது பேஸில் போய்க் கேட்கலாம். பந்து திரும்ப பிட்சர் கைக்கு வந்தது. கேட்சர் இன்னும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். பிட்சருக்குக் கண் கலங்கிவிட்டது, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறி, அடுத்த பேட்டருக்கு வேகமாக ஒன்று போட்டான். ஸ்டிரைக். என் கிளிக்கரில் அந்தச் சக்கரம்தான் சுற்றாதே, விரலில் எண்ணிக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்தும் இடத்துக்கு அந்தக் கோச் தேடி வந்தார். கோபமெல்லாம் இல்லை. "இப்போதாவது சொல்லுங்கள், செகண்டைத் தொட்டானா?" என்றார். அடுத்த வகுப்பு அக்டோபரில் வருகிறது, 85 டாலர், சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள் என்று சொன்னேன்.